நெஞ்சு வலி: கேஸ்தானா, இதயமா?

கேள்வி:
வயது 43. மூன்று வாரமாக நடு நெஞ்சில் எரிச்சல். இரவு சாப்பிட்டுப் படுத்த அரை மணி நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கும். எழுந்து உட்கார்ந்தால் தணியும். குனிந்து ஷூ லேஸ் கட்டினாலும் அதே கரிப்பு. மாடிப்படி ஏறினால் ஒன்றும் இல்லை. ஆனால் வியாழன் இரவு எரிச்சலே இல்லாமல், நெஞ்சுக்குள் துணியைப் பிழிவது போல பத்து நிமிடம் வலித்தது. மனைவியை எழுப்பத் தோள் வரை கையைக் கொண்டுபோய், எடுத்துவிட்டேன். ஆன்டாசிட் குடித்து ஏப்பம் வந்ததும் குறைந்தது. அப்போ கேஸ்தானே? அப்பாவுக்கு 52 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது, அதனால்தான் பயம்.

பதில் 1:
முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள் சார். நான் அவசரப் பிரிவில் நர்ஸ். ஒருவர் நடந்தே வந்து, "கேஸ்தான் சிஸ்டர், ஒரு ஊசி போடுங்க" என்றார். சட்டைக் காலர் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. இசிஜி எடுத்தால் அட்டாக். ஏப்பத்தில் குறைந்தது, மருந்துக்குக் கேட்டது என்பதை வைத்து இதயம் இல்லை என்று சொல்லவே முடியாது. இதயமும் உணவுக்குழாயும் வலியைத் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் அனுப்புகின்றன. மூளைக்கே பிரித்துத் தெரியாது. அதனால்தான் முதல் இசிஜி நன்றாக இருந்தாலும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எடுக்கிறோம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஏற நேரம் பிடிக்கும் என்பதால் சில மணி நேரம் விட்டு மறுபடி எடுப்போம். இன்றே டாக்டரைப் பாருங்கள். வலி திரும்ப வந்தால், கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுவது இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை எழுப்புங்கள், தயவுசெய்து.

பதில் 2:
சிஸ்டர் சொன்னதை முதலில் செய்யுங்கள். இதயம் இல்லை என்று உறுதியானால், எனக்குக் கைகொடுத்தது இது: கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. மரக்கட்டை. தலையணையை அடுக்கிப் பார்த்தேன், வயிறு மடங்கி இன்னும் மோசமானது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுப்பேன், இடது பக்கமாக. விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்:
போய் வந்தேன். இசிஜி, இரண்டு முறை ரத்தம், டிரெட்மில் எல்லாம் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை. அமிலம் மேலே ஏறுவதுதான், வியாழன் வலி உணவுக்குழாய் இழுத்துப் பிடித்ததாக இருக்கலாம் என்றார் டாக்டர். காலை உணவுக்கு அரை மணி முன்பு மாத்திரை. சிஸ்டர், ரொம்ப நன்றி. வியாழன் இரவு பற்றி மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். நாளை கட்டை வாங்கி வைக்கிறேன்.