மிச்சமான ஹாம்: எப்படி வைக்கிறீர்கள், என்ன சமைக்கிறீர்கள்?

ஸ்காபரோ

கிறிஸ்மஸ் வந்தால் என் கணவரின் வேலையிடத்தில் ஆளுக்கொரு முழு ஹாம், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை, கொடுப்பார்கள். எலும்போடு, சுற்றிவரத் துண்டு போட்டே வரும் ஸ்பைரல் ஹாம். நான்கு கிலோவுக்குக் குறையாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமி. மாமி பன்றி இறைச்சி வாயில் வைக்கமாட்டார். விருந்தாளிகள் வந்து எவ்வளவு சாப்பிட்டாலும் பாதிக்கு மேல் மிஞ்சும். அதைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வராது. இங்கே பல பேருக்கு இதே நிலைமை இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். நான் செய்வதைச் சொல்கிறேன், நீங்களும் மேலே உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஹாம் வீணாகப் போகுமா போகாதா என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிடும். சாப்பிட்டுக் களைத்த பிறகு, தட்டோடு ஃபாயிலைப் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் தள்ளிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். அடுத்த நாளிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் ஃபாயிலைக் கிளப்பி ஒரு துண்டு பிய்ப்பார்கள். ஓரமெல்லாம் காய்ந்து தோல் மாதிரி ஆகும், நடுவில் தண்ணீர் கட்டும், ஒரு வாரத்தில் யாரும் தொடமாட்டார்கள். ஸ்பைரல் ஹாம் என்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் காற்றுப் போகிறது அல்லவா, முழு ஹாமைவிடச் சீக்கிரம் காயும்.

அதனால் அன்றிரவே உட்கார்ந்து பிரித்துவிடுவேன். மேசைக்கு வந்த இறைச்சி இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும் என்பது இங்கே கனடாவில் சொல்லும் கணக்கு. எலும்பை ஒட்டிக் கத்தியை ஒருமுறை ஓட்டினால் துண்டுகள் தானாகவே கழன்று விழும். அதில் மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் உள்பக்கமாகத் தள்ளி வைப்பேன். கதவுத் தட்டில் வைப்பதில்லை, திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். மீதி முழுத் துண்டுகளுக்கு இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, ஒரு வேளைக்கு ஆகிற அளவாக ஜிப் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி ஃப்ரீசரில் அடுக்குவேன். உடைந்தது, ஓரம், கொழுப்பு ஒட்டியது எல்லாவற்றையும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, தட்டில் பரப்பி உறைய விட்டு, அப்புறம்தான் பையில் போடுவேன். பரப்பாமல் பையில் போட்டால் செங்கல் மாதிரி ஒரே கட்டியாகிவிடும். பரப்பி உறையவைத்ததை ஒரு கைப்பிடி அள்ளி, உருகக்கூட விடாமல் நேரே சட்டியில் போடலாம். எலும்புக்குத் தனிப் பை. எல்லாப் பையிலும் தேதி எழுதுவேன்.

ஃப்ரீசரில் இருந்தால் ஆண்டு முழுக்க வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உறைந்திருக்கும் வரைக்கும் அது ஆளைக் கெடுக்காது, உண்மைதான். ஆனால் ஹாமில் உப்பு இருப்பதால் கொழுப்பு ஃப்ரீசரிலேயே மெல்ல மெல்லக் காறத் தொடங்கும். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். அதற்குமேல் ருசி போய்விடும்.

சமைக்கிற விஷயத்தில் எனக்கு வழி காட்டியது மாசிக்கருவாடுதான். மாசியை யாரும் தட்டு நிறையச் சாப்பிடுவதில்லை. சம்பலுக்கும் வறைக்கும் ருசி ஏற்றக் கொஞ்சமாகப் போடுகிறோம். ஹாமையும் அப்படியே பாவிக்கிறேன். கோவா (முட்டைக்கோஸ்) வறைக்கு முதலில் பொடியாக வெட்டிய ஹாமைக் கொஞ்ச எண்ணெயில் போட்டு, தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும் வரைக்கும் விடுவேன். அப்புறம் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மெல்லிதாக அரிந்த கோவா, கடைசியில் தேங்காய்ப்பூ. உப்புப் போடவே தேவையில்லை. போஞ்சியிலும் இப்படிச் செய்யலாம். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அது எனக்கு நினைவில் இருக்கும். நாலு கிலோவையும் ஒரே வாரத்தில் பாணுக்குள் வைத்துத் தின்று தீர்ப்பதைவிட, கைப்பிடி கைப்பிடியாக இரண்டு மாதத்துக்குப் பரப்புவது எல்லா வகையிலும் நல்லது.

மிசிசாகா

அக்கா, மாசி என்று சொன்னீர்களே, அது மிகச் சரி. நாங்கள் கொத்துரொட்டிக்குப் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சின ரொட்டி, மிஞ்சின ஹாம், முட்டை, லீக்ஸ், கரட். எல்லோரும் முட்டையோடு சேர்த்துத்தான் ஹாமைக் கொட்டுகிறார்கள். அப்படிப் போட்டால் ஹாமிலிருந்து தண்ணீர் விட்டு ரொட்டி களியாகிவிடும். கடையில் வாங்கும் ஹாமில் உப்புத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள், லேபிளைப் பார்த்தாலே தெரியும். முதலில் வெறும் சட்டியில் ஹாமை மட்டும் போடுங்கள். சடசடவென்று வெடிக்கும், வெள்ளையாக நுரை தள்ளும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு ஹாமின் கொழுப்பே எண்ணெயாக இறங்கும். ஹாமை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அதே சட்டியில் மற்றதைச் செய்து, கடைசியில் கலந்து கொத்துங்கள்.

என் மனைவி ரோல்ஸுக்கும் போடுவார். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, ஹாம் பொடி, மிளகு, வெங்காயம். உப்பு மட்டும் கவனம்.

மார்க்கம்

நான் சூப்பர் மார்க்கெட்டில் ஹாம் போன்ற இறைச்சியை வெட்டிக்கொடுக்கும் டெலி கவுண்டரில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பதை இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஹாம் துண்டை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் பச்சையும் ஊதாவுமாக வானவில் மாதிரி மினுங்கும். அதைப் பார்த்துப் பயந்து பையோடு திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. தசை நார்களைக் குறுக்கே வெட்டும்போது அந்த மேற்பரப்பில் ஒளி சிதறுவதால் வரும் நிறம் அது. அந்த மினுக்கத்தை மட்டும் வைத்துக் கெட்டது என்று சொல்ல முடியாது. துண்டு கையில் வழுவழுவென்று ஒட்டினால், புளித்த வாடை வந்தால், இளஞ்சிவப்பு நிறம் சாம்பல் பூத்துப் போயிருந்தால், யோசிக்காமல் எறியுங்கள். கழுவிவிட்டுப் பொரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் வாடை இல்லை, ஆகவே நல்லது என்றும் நினைக்கக் கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். வாடையும் வராது, நிறமும் மாறாது. 2008இல் டொராண்டோவில் இருந்த ஓர் இறைச்சித் தொழிற்சாலையில், துண்டு போடும் இயந்திரங்களின் உள்ளே அந்தக் கிருமி தங்கியிருந்தது. அங்கிருந்து போன இறைச்சியைச் சாப்பிட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். இந்த வேலைக்கு வந்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. பாக்கெட் திறந்தாலும் சரி, கவுண்டரில் வெட்டி வாங்கினாலும் சரி, நான்கு நாளுக்குள் முடியுங்கள். பாக்கெட்டில் அச்சடித்த தேதி திறக்காத பாக்கெட்டுக்குத்தான். திறந்த பிறகு அதைப் பார்த்துப் பயனில்லை. ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஹாமைக் குளிராகக் கொடுக்கவே வேண்டாம். ஆவி பறக்கும் அளவுக்கு, 74 டிகிரி வரும் வரைக்கும் சூடாக்கிக் கொடுக்கலாம். என் அண்ணிக்கு நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம்.

இன்னொன்று. ஹாமின் நுனித் துண்டுகளை இயந்திரத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. பல கடைகளில் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்பார்கள். சமையலுக்கு அதுவே போதும். கேட்டால் எடுத்துத் தருவோம்.

பிராம்டன்

தம்பி, ஒருமுறை ஃப்ரீசரில் வைத்து உருக்கிய ஹாமைத் திரும்ப உறையவைக்கலாமா?

மார்க்கம்

ஃப்ரிட்ஜுக்குள் வைத்து உருக்கியிருந்தால் ஆபத்தில்லை அக்கா, ஆனால் இன்னும் தண்ணீர் விட்டுச் சக்கையாகிவிடும். சமையலறை மேடையில் வெளியே வைத்து உருக்கியிருந்தால் திரும்ப வைக்காதீர்கள். சமைத்த பிறகு, அந்தக் கறியையோ சூப்பையோ உறையவைப்பது நல்லது.

ஸ்டுட்கார்ட்

இங்கே ஜெர்மனியில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. இரவுச் சாப்பாடே பல வீடுகளில் பாண், சீஸ், ஹாம்தான். அதனால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள். இறைச்சிக்கடையில் நூறு கிராம் என்று கேட்டால் மெல்லிதாக வெட்டி, மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள். வந்த புதிதில் அவ்வளவு சின்னப் பொட்டலம் வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முன்னால் நின்ற பாட்டி மூன்று துண்டு ஹாம் கேட்டு வாங்கினார். கடைக்காரரும் முகம் சுளிக்கவில்லை. மிச்சத்தைக் காப்பாற்ற ஆயிரம் வழி தேடுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியும் மிஞ்சினால் ஷின்கன்நூடெல்ன். மிஞ்சின பாஸ்தாவை வெண்ணெயில் வதக்கி, ஹாமைக் கீலம் கீலமாக வெட்டிப் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித் தந்தது. அவர் வெங்காயத்தாளும் மிளகும் தூவுவார். நான் செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுவேன். பத்து நிமிட வேலை, பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள்.

அவித்த ஹாமும் காயவைத்த ஹாமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்புக்காட்டு ஹாம் போன்றவை உப்பிட்டுப் புகைபோட்டு மாதக் கணக்கில் காயவிட்டவை. ஈரம் குறைவு என்பதால் அவித்த ஹாமைவிட அதிக நாள் தாங்கும். முழுக்கட்டியாக வாங்கினால் இன்னும் நல்லது, தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம். ஸ்காபரோ அக்கா சொன்ன நாள் கணக்கு அவித்த ஹாமுக்கு.

வெள்ளவத்தை

கொழும்பில் கிறிஸ்மஸ் ஹாம் பழைய வழக்கம். எங்கள் அப்பாவின் காலத்திலிருந்தே வீட்டில் உண்டு. அன்னாசித் துண்டும் கராம்பும் குத்தி, மேலே சீனி பூசி வேகவைப்போம். இப்போது இருக்கிற விலைக்கு முழு ஹாம் கட்டாது. இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒன்று வாங்கிப் பங்கிடுகிறோம். மிஞ்சுவதும் குறைவு.

நீங்கள் எல்லோரும் ஃப்ரீசரை நம்பி எழுதுகிறீர்கள். 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்போது படித்துக்கொண்டது இது: கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரைக்கும் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். கீழே இருக்கும் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்தான். அதனால் ஃப்ரீசரில் இடம் இருந்தால் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து அடைத்துவிடுவோம். கரண்ட் போனால் முதலில் ஃப்ரிட்ஜில் இருக்கிற ஹாமைச் சமைத்துவிடுவோம். பெரும்பாலும் ஃப்ரைட் ரைஸ். இரம்பை இலைத் துண்டு ஒன்று போட்டால் வாசமே தனி. அம்மாவுக்குப் பிரஷர் இருப்பதால் ஹாமைக் கொதிநீரில் ஒரு கொதி விட்டு வடித்துத்தான் போடுவேன், கொஞ்சமாவது உப்பு இறங்கும். அவருக்கு அளவாகத்தான் கொடுக்கிறேன்.

மொன்றியல்

எலும்பைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே! எனக்கு ஹாமில் பிடித்ததே அதுதான்.

கியூபெக்கில் மஞ்சள் பட்டாணி சூப் வீட்டுக்கு வீடு உண்டு. முழுப் பட்டாணியை இரவே ஊறவைத்து, ஹாம் எலும்போடு அடுப்பில் ஏற்றி, வெங்காயம், கரட், செலரி, பிரிஞ்சி இலை போட்டு, பட்டாணி கரையத் தொடங்கும் வரைக்கும் மெல்லிய தீயில் விடுவார்கள். கூட வேலை செய்யும் கியூபெக் பெண்மணி ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்ததை முதலில் ருசித்தபோது, கெட்டியான பருப்புக்கறியைப் பாணோடு சாப்பிட்ட மாதிரியே இருந்தது. செய்முறை கேட்டேன். ‘உப்பைத் தொடாதே, கடைசியில் ருசி பார்த்துவிட்டு வேண்டுமென்றால் போடு’ என்றார். அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது என் வீட்டில் அதே சூப்புக்குக் கொஞ்சம் மஞ்சளும் இடித்த சீரகமும் சேர்கிறது. இறக்கும்போது நல்லெண்ணெயில் பூண்டும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டுவேன். இரண்டரை மணி நேரம் வெந்தால் எலும்பில் ஒட்டியிருக்கும் இறைச்சி கரண்டியால் தொட்டாலே உதிரும். உதிர்த்துத் திரும்பச் சூப்பிலேயே போட்டுவிட்டு, எலும்பை எடுத்துவிடுவேன். நேரம் இல்லாத நாளில் உடைத்த பட்டாணிப் பருப்பு போதும், ஊறவைக்கத் தேவையில்லை, ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.

சூடு ஆறாமல் பெரிய சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அகலமான, உயரம் குறைந்த டப்பாக்களில் பிரித்தால் சீக்கிரம் ஆறும். ஃப்ரீசரில் வைப்பதென்றால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், உறையும்போது சூப் விரியும்.

ஸ்காபரோ

மொன்றியல் தங்கச்சி, என் ஃப்ரீசரில் எலும்பு ஒன்று இருக்கிறது. பட்டாணி இன்றிரவே ஊறப்போகிறது. மாமிக்கு மட்டும் எலும்பு போடாமல் தனிச் சட்டியில் அதே சூப்பை வைக்கப்போகிறேன். பிராம்டன் அக்கா, உருக்கின ஹாம் இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்றால் நாளைக்கே கோவா வறைக்குப் போட்டுவிடுங்கள்.