புதுப்பிப்பு: டிரம்பெட்டில் உச்ச ஸ்வரத்தை முடிப்பது

ஜாஸ் டிரம்பெட்டில் உச்ச ஸ்வரத்தை எட்டிவிடுகிறேன், ஆனால் முடிவு வெட்டிப்போட்டதுபோல் இருக்கிறது, ஸ்வரத்தைக் கீழே வழுக்கவிட்டு முடிக்கும் 'ஃபால்' எப்படி வரவழைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆறு வாரம் ஆகிறது. இப்போது வருகிறது!

கோளாறு காற்றில்தான் இருந்தது. ஸ்வரம் கீழே சரியும்போது நானும் மூச்சைக் குறைத்துவிடுவேன். பாதி வழியிலேயே ஒலி செத்துவிடும். இப்போது சரியத் தொடங்கும் கணத்தில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளுகிறேன். வால்வுகளை (ஸ்வரம் மாற்ற விரலால் அழுத்தும் பித்தான்கள்) பாதி மட்டும் அழுத்தினால் படிகள் மங்கி, ஒலி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. நீண்ட ஃபால் என்றால் இறங்கும்போதே வால்வுகளை மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுகிறேன். படிக்கட்டில் கோலி உருள்வதுபோல் கேட்கும்.

மேல்நோக்கி வழுக்கும் 'டாயிட்' இன்னும் பத்துக்கு நான்கு முறைதான் வருகிறது. அதற்கும் பாதி வால்வுதான், நாக்கு மட்டும் 'ஆ'விலிருந்து 'ஈ'க்கு எழ வேண்டும்.

அப்புறம் 'ஷேக்', அதாவது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வேகமாக ஆடுவது. இதில்தான் மனம் ஒட்டிக்கொண்டது. இசைத்தாளில் ஐந்தாம் கோட்டின் மேல் அமரும் ஜி ஸ்வரம், அதற்கடுத்த இயல்பொலி (வால்வை அழுத்தாமலே வரும் ஸ்வரம்) பி ஃபிளாட். வால்வைத் தொடாமல் இரண்டுக்கும் நடுவே மெதுவாக ஆடி, பிறகு வேகம் கூட்டுகிறேன். மௌத்பீஸை உதட்டில் அழுத்தினால் உடனே நின்றுவிடும். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் நீண்ட ஸ்வரத்தை நேராகப் பிடித்து, கடைசியில் அதிர்வை அகலமாக விரிப்பதைத் தினமும் கேட்கிறேன். அடுத்து அதைத்தான் பழகப்போகிறேன்.