ஜப்பானியப் போர்வெறிக்கு ஷின்டோ எவ்வளவு பொறுப்பு?

கருவேலன்:
ஜப்பானின் பழைய சமயமான ஷின்டோ என்பது மலையையும் மரத்தையும் அருவியையும் வணங்கும் சாதுவான நம்பிக்கை, இராணுவத்தார்தான் அதைக் கெடுத்துவிட்டார்கள் என்று விவரம் அறிந்தவர்களே எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

1889 அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, ஜப்பானை ஊழிகாலமாக அறுபடாத ஒரே பேரரச வம்சம் ஆளும் என்கிறது. மூன்றாம் பிரிவு, பேரரசர் புனிதமானவர் என்கிறது. இந்தப் புனிதம் எங்கிருந்து வந்தது? சூரிய தேவதை அமதெரசுவின் வழித்தோன்றல் என்ற ஷின்டோ புராணத்திலிருந்து. மினோபே தட்சுகிச்சி என்ற சட்டப் பேராசிரியர், பேரரசர் அரசு என்னும் அமைப்பின் ஓர் உறுப்பு, சட்டத்துக்கு உட்பட்டவர் என்று பாடம் நடத்தினார். இன்னொரு சட்டப் பேராசிரியரான உயெசுகி ஷின்கிச்சி 1912-லேயே அவரோடு மல்லுக்கு நின்றார். பேரரசரின் விருப்பமே அரசு, குடிமகன் அதில் கரைந்துபோக வேண்டியவன் என்பது அவருடைய கட்சி. 1935-ல் மினோபேயின் நூல்கள் தடை செய்யப்பட்டன, பிரபுக்கள் சபையிலிருந்து அவர் விலக நேர்ந்தது, மறு ஆண்டு ஒரு வலதுசாரி அவரைச் சுட்டுக் காயப்படுத்தினான். 1937-ல் கல்வி அமைச்சகமே வெளியிட்ட நூல், அமதெரசுவின் ஆணைப்படி பேரரசர் என்றென்றும் ஆள்வதுதான் நாட்டின் அடிப்படை என்று பிள்ளைகளுக்குச் சொன்னது. தெய்வம் நேரடியாக ஆளும் நாட்டில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை? தீவிரவாதிகள் கேட்டதும் இதைத்தான்.

நெய்தல்:
கருவேலன் ஐயா, நீங்கள் காட்டும் புராணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அத்தனை காலமும் பேரரசர் கியோட்டோவில் பெயருக்கு இருந்தார். ஆட்சி பெரும்பாலும் படைத்தலைவர்கள் கையில் இருந்தது. புராணமே போதும் என்றால் இந்த வெறி ஏன் அப்போது வரவில்லை?

அரசியல் சட்டத்தை எழுதிய இட்டோ ஹிரோபுமியே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 1888-ல் அரசவைக் குழுவின் முன் பேசும்போது, ஐரோப்பிய நாடுகளுக்கு மதம் அச்சாணியாக இருக்கிறது, நம் நாட்டில் பௌத்தம் தேய்ந்துவிட்டது, ஷின்டோவுக்கோ மக்கள் மனத்தை ஈர்க்கும் வலிமை இல்லை, ஆகவே அரச குடும்பத்தையே அச்சாணியாக்க வேண்டும் என்றார். ஷின்டோவிடம் சரக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கட்டடத்தை எழுப்பினார்கள்.

துப்பாக்கி எடுத்தவர்களையும் பாருங்கள். 1932-ல் முன்னாள் நிதியமைச்சரையும் மிட்சுய் நிறுவனத் தலைவரையும் கொன்ற குழுவுக்குத் தலைவர் இனோவே நிஷ்ஷோ. அவர் நிச்சிரென் வழிப் பௌத்தத் துறவி. மஞ்சூரியப் படையெடுப்புக்குத் திட்டம் தீட்டிய இஷிவாரா கஞ்சி, நிச்சிரென் பக்தர். 1936 பிப்ரவரியில் இளம் இராணுவ அதிகாரிகள் நடத்திய கிளர்ச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் சிந்தனை ஊற்றான கிதா இக்கி, நிச்சிரென் வழியின் மூல நூலான தாமரைச் சூத்திரத்தை இடைவிடாமல் ஓதியவர். உலகின் எட்டுத் திசையும் ஒரே கூரையின்கீழ் என்ற போர்க்கால முழக்கத்தை வடித்துக் கொடுத்த தனகா சிகாகு, நிச்சிரென் இயக்கத்தின் பெரும் பிரசாரகர். இவர்கள் யாரும் ஷின்டோ பூசாரிகள் அல்லர்.

கருவேலன்:
தனகா அந்த முழக்கத்தை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் சொல்லியிருக்கலாம். நிஹோன் ஷோகி என்ற பழைய நூலில் முதல் பேரரசர் ஜிம்மு வாயிலாக வரும் வாசகத்திலிருந்து. உடுத்தியது துறவி ஆடையாக இருந்தாலும் வணங்கிய பீடம் அதே பீடம்தான்.

கொலைகாரர்கள் சில நூறு பேர். கோடிக்கணக்கானவர்களை வளைத்தது பள்ளிக்கூடம். முற்றத்தில் பெரும்பாலும் கான்கிரீட்டில் கட்டிய ஒரு சிறு மாடம் இருக்கும். உள்ளே பேரரசர், பேரரசியின் படமும் 1890-ல் பேரரசர் பெயரில் வெளியான கல்வி ஆணையும். கடந்து போகும் பிள்ளைகள் நின்று குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். விழா நாளில் தலைமையாசிரியர் வெள்ளைக் கையுறை அணிந்து சுருளை எடுத்து விரித்து வாசிப்பார். மொத்தம் 315 எழுத்துகள். முடியும்வரை யாரும் தலை நிமிரக் கூடாது. பள்ளி தீப்பற்றியபோது அந்தப் படத்தை மீட்கப் போய் உயிரை விட்ட ஆசிரியர்கள் உண்டு. 1891-ல் உச்சிமுரா கன்சோ என்ற கிறித்தவ ஆசிரியர் அந்த ஆணையின் முன் போதிய அளவு குனியவில்லை என்பதற்காக வேலையை இழந்தார். இது வழிபாடு இல்லை என்றால் வேறு எது வழிபாடு?

நெய்தல்:
வழிபாடுதான். யார் உண்டாக்கிய வழிபாடு என்பதே என் கேள்வி. நீங்கள் சொல்லும் மாடத்தை எந்த ஊர்க் கோயிலும் கேட்கவில்லை, கல்வி அமைச்சகம் கொண்டுவந்தது.

ஊர்க் கோயில்களுக்கு அதே அரசு என்ன செய்தது என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை. 1906-ல் கோயில் இணைப்பு ஆணை வந்தது. ஓர் ஊராட்சிக்கு ஒரு கோயில் போதும், மற்றவற்றை இழுத்து மூடு என்பது அதன் சாரம். எட்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 1,90,000 கோயில்கள் 1,20,000 ஆகக் குறைந்தன. அமதெரசுவின் ஈசே கோயில் இருக்கும் மியே மாநிலத்திலேயே பத்தில் ஒன்பது பங்குக் கோயில்கள் காணாமல் போயின. கோயில் போனால் அதைச் சூழ்ந்த காடும் போகும். நூற்றாண்டுகளாகக் கோடரி படாத கற்பூர மரங்களை வெட்டி விற்றார்கள். திருவிழா இல்லை, நேர்த்திக்கடன் செலுத்த இடம் இல்லை.

வகயாமா மாநிலத்தின் தனாபேயில் இருந்த மினகதா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் இதைப் பொறுக்க முடியாமல் பத்திரிகைகளில் எழுதிக் குவித்தார். கோயிற்காடு அழிந்தால் பூசணமும் பாசியும் பறவையும் அழியும், கூடவே ஊரின் ஒற்றுமையும் அழியும் என்றார். 1910-ல் இணைப்புக்கு ஆதரவான அதிகாரி வந்திருந்த கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்து சிறைக்குப் போனார். சிறையிலும் பூசண வகை ஒன்றைக் கண்டு குறித்துவைத்தார் என்பார்கள். அவர் காத்தது ஷின்டோ. அதை அழித்த அரசைத்தான் நீங்கள் ஷின்டோ என்கிறீர்கள்.

ஓமோட்டோவையும் மறக்க வேண்டாம். ஷின்டோ மரபில் பிறந்த புதிய சமயம் அது. 1935 டிசம்பரில் போலீஸ் உள்ளே புகுந்து தலைவர் தெகுச்சி ஓனிசபுரோவைக் கைது செய்தது. பின்னர் அயபேயிலும் கமெயோகாவிலும் இருந்த அவர்களுடைய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பேரரசரை அவமதித்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

செம்பருத்தி:
நீங்கள் இருவரும் ஜப்பானுக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். அன்று ஜப்பானிய ஆட்சியில் இருந்த கொரியாவின் சியோல் நகரத்தின் நம்சான் மலைக்கு வாருங்கள். 1925-ல் அங்கே அமதெரசுவுக்கும் மெய்ஜி பேரரசருக்கும் பெருங்கோயில் கட்டி முடித்தார்கள். முப்பதுகளில் கொரியப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் குனிய வைத்தார்கள். இது மதமல்ல, குடிமகனின் கடமை என்று அரசு சாதித்தது. 1936-ல் வத்திக்கானும் இதை நாட்டுப்பற்றின் சடங்கு என ஏற்றுக் கத்தோலிக்கருக்கு அனுமதி கொடுத்தது. 1938-ல் போலீஸ் சூழ்ந்திருக்கக் கொரியப் பிரெஸ்பிட்டேரியன் பொதுச்சபை அதையே தீர்மானமாக நிறைவேற்றியது. குனிய மறுத்த போதகர் ஜு கி சோல் 1944-ல் பியாங்யாங் சிறையில் செத்தார். சுயமான நம்பிக்கையா, அரசு கைப்பற்றிய நம்பிக்கையா என்ற பாகுபாடு அந்தச் சிறை அறையில் அவருக்கு எதற்கு உதவியது?

நெய்தல் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இது நடந்தபோது எத்தனை பூசாரிகள் எதிர்த்துப் பேசினார்கள்?

கருவேலன்:
பேசவில்லை. கேட்டது நேர்மாறாக. அரசில் தங்களுக்கென்று உயர்ந்த தனி அமைப்பு வேண்டும் என்று பூசாரிகள் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் அரசிடம் விண்ணப்பித்தன. 1940-ல் உள்துறை அமைச்சகத்தின்கீழ் அது கிடைத்தது. பிடித்து வைக்கப்பட்டவர்கள் இப்படிப் பதவி உயர்வு கேட்க மாட்டார்கள்.

நெய்தல்:
1871-லேயே பரம்பரைப் பூசாரி முறையை ஒழித்து, நியமனத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் இருந்தவர்கள் அரசு ஊழியர்களுக்குச் சமம். மேலதிகாரியிடம் அவர்கள் கேட்டதை வைத்து மினகதா காக்கப் போராடிய சிற்றூர்க் கோயிலைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பூசாரிகளின் மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை, செம்பருத்தி அம்மா. அது வெட்கக்கேடு. ஆனால் மௌனமாக இருந்தவர்களில் பௌத்த மடங்களும் உண்டு. பல மடங்கள் மௌனத்தோடு நிற்காமல் போருக்கு ஆசியும் வழங்கின.

கருவேலன்:
சரி, அரசு இல்லாத காலத்தைப் பார்ப்போம். 1945 டிசம்பர் 15-ல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஷின்டோவை அரசிலிருந்து பிரித்தது. போரில் இறந்தவர்களைத் தெய்வங்களாக வைத்து வணங்கும் யசுகுனி கோயில் தனி மத நிறுவனமானது. பணமில்லை, அதிகாரமில்லை, கட்டாயமில்லை. 1978 அக்டோபரில் அதே கோயில் போர்க்காலப் பிரதமர் தோஜோ உள்ளிட்ட முதல்நிலைப் போர்க் குற்றவாளிகள் 14 பேரைச் சத்தமில்லாமல் தெய்வங்களோடு சேர்த்தது. முந்தைய தலைமைப் பூசாரி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். புதிதாக வந்த மட்சுதைரா நகயோஷி, பொறுப்பேற்ற சில மாதங்களில் செய்து முடித்தார். இதற்கு எந்த அமைச்சர் கட்டளையிட்டார்?

நெய்தல்:
கட்டளை இல்லை, பட்டியல் இருந்தது. அந்த 14 பெயர்களையும் 1966-லேயே கோயிலுக்கு அனுப்பிவைத்தது நலவாழ்வு அமைச்சகம். போருக்குப் பிந்தைய அரசியல் சட்டம் மதத்தையும் அரசையும் பிரித்த பின்னும் அந்தக் கை விலகவில்லை. பேரரசர் ஹிரோஹிட்டோ 1975-க்குப் பிறகு யசுகுனிக்குப் போகவே இல்லை. அந்த 14 பேரைச் சேர்த்ததே காரணம் என்பது 2006-ல் வெளியான அரண்மனை அதிகாரியின் குறிப்பில் தெரிந்தது. யாரைக் கடவுளின் வழித்தோன்றல் என்றார்களோ, அவருடைய மனத்தாங்கலுக்கும் அங்கே மதிப்பில்லை. யசுகுனி 1869-ல் தொடங்கி 1945 வரை படைத்துறையின் பிள்ளை. அதை வைத்து ஊர்க் கோயில்களை அளக்க முடியாது.

செம்பருத்தி:
அந்த யசுகுனியின் சுமார் 24,66,000 பெயர்களில் கொரியர்கள் 21,000 பேருக்கு மேல், தைவான்காரர்கள் ஏறத்தாழ 28,000 பேர். குடும்பத்தாரிடம் ஒரு சொல் கேட்காமல் சேர்த்தவை. தகப்பன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். சேர்த்த ஆவியைப் பிரிக்க முடியாது என்கிறது கோயில். இதைச் சொல்வது அமைச்சகமா, பூசாரியா? நெய்தல் அவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்லட்டும், பிறகு மினகதாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கிறேன்.