மகளுக்கு சிவில் டிகிரி அப்ரன்டிஸ்ஷிப் கிடைச்சிருக்கு: வேலையும் படிப்பும் சேர்ந்து ஐந்து வருசம் சமாளிக்கலாமா?

ஹரோவாசி

வணக்கம். மகள் இந்த வருசம் ஏ லெவல் எழுதுறாள் (கணிதம், பௌதிகம், புவியியல்). கையில ரெண்டு வழி இருக்கு. ஒண்டு வழமையான முழுநேர பிஇங் (பொறியியல் பட்டம்), மூன்று வருசம். மற்றது ஒரு கொன்ட்ராக்டர் கொம்பனியில சிவில் எஞ்சினியர் டிகிரி அப்ரன்டிஸ்ஷிப். கிழமையில நாலு நாள் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகம், ஐந்து வருசம். சொந்தக்காரர் எல்லாரும் "அப்ரன்டிஸ் எண்டா படிப்பு ஓடாத பிள்ளையளுக்குத்தானே" எண்டு சொல்லினம். மகளுக்கு இதுதான் விருப்பம்.

கேட்க வேண்டியது: பட்டம் அதே பட்டமா? காசு நாங்கள் கட்ட வேணுமா? பிள்ளையள் எங்க விழுகினம்? கையெழுத்து வைக்க முதல் கடிதத்தில என்ன பார்க்க வேணும்?

தூக்குகுண்டு

அக்கா, இங்கிலாந்தில லெவல் 2 இல இருந்து லெவல் 7 வரைக்கும் எல்லாத்துக்கும் "அப்ரன்டிஸ்" எண்ட ஒரே சொல்தான். குழப்பம் அங்கதான். உங்கட மகளுக்கு வந்திருக்கிறது லெவல் 6 எண்டால் அது ஒனர்ஸ் பட்டம், முழுநேரப் பிள்ளை எடுக்கிற அதே 360 கிரெடிட். ஆனால் கடிதத்தில இலக்கத்தைப் பாருங்கோ. சில இடங்களில லெவல் 3 டெக்னீசியனில சேர்த்துப்போட்டு "பிறகு பட்டத்துக்கு அனுப்புவம்" எண்டு வாயால மட்டும் சொல்லுவினம். எழுத்தில இல்லாட்டி அது இல்லை எண்டே எடுங்கோ.

காசு: பாடக் கட்டணம் ஒரு பென்ஸ்கூட பிள்ளையிட்ட வாங்கக் கூடாது, அது நிதி விதி. சம்பளப் பட்டியல் வருசம் 30 லட்சம் பவுணுக்கு மேல போற கொம்பனியள் 2017 ஏப்ரலில இருந்து 0.5 வீதம் லெவி எண்ட பயிற்சி வரி கட்டுகினம், அதில இருந்துதான் இந்தக் கட்டணம் போகுது. "இடையில விட்டால் பாடக் கட்டணத்தைத் திருப்பித் தா" எண்டு ஒரு தாள் நீட்டினால் கையெழுத்து வைக்க வேண்டாம். முழுநேரம் எண்டால் 2025-26 இல வருசத்துக்கு 9,535 பவுண், அந்தக் கணக்கில மூன்று வருசத்துக்கு 28,605. அதோட வாழ்க்கைச் செலவுக் கடன் வேற. கடனைத் திருப்பிக் கட்டுறது இப்ப சேர்ற ஆக்களுக்கு பிளான் 5 எண்ட முறையில: 25,000 பவுணுக்கு மேல உழைக்கிறதில 9 வீதம், 40 வருசம் வரைக்கும்.

சம்பளத்தில ஒரு கவனம். அப்ரன்டிஸுக்கான சட்டக் குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில மணிக்கு 7.55 பவுணா இருந்தது. அந்த வீதம் 19 வயசுக்குக் கீழ, அல்லது முதல் வருசத்துக்கு மட்டும்தான். இரண்டாம் வருசம் 19 தாண்டியிருந்தால் அந்த வயசுக்குரிய குறைந்தபட்சம் குடுக்க வேணும். பல்கலைக்கழகம் போற நாளும் சம்பள நாள்தான்.

இனி எங்க விழுகினம் எண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கோ. 360 கிரெடிட்டை ஐந்தால பிரிச்சால் வருசம் 72. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலப் படிப்பு எண்டது பல்கலைக்கழகக் கணக்கு, அப்ப வருசம் 720 மணி. கிழமையில ஒரு நாள், 7 மணி, 28 கிழமை வகுப்பு எண்டால் 196. மிச்சம் 524 மணி. சில பாடம் வேலையிடத்திலயே செய்யிற புரொஜெக்ட், அதைக் கழிச்சாலும் கிழமைக்கு எட்டுப் பத்து மணி பின்னேரங்களிலயும் சனிக்கிழமையிலயும் போகும். காலமை ஏழரைக்கு சைட்டில நிக்கிற பிள்ளைக்கு இரவு பத்து மணிக்கு மூளை ஓடாது. அதிகாலை அல்லது சனி காலை எண்டு ஒரு நேரத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான் நடக்கிற காரியம்.

பெரிய அடி வேற இடத்தில. முழுநேரப் பிள்ளை ஒரு நாள் போகாட்டி ஒண்டு ரெண்டு விரிவுரை தவறும். இங்க எல்லாப் பாடமும் ஒரே நாளில அடுக்கியிருக்கும். வியாழன் கொங்கிறீட் போடுறம், "இண்டைக்கு மட்டும் நில்லு பிள்ளை" எண்டு சைட் ஏஜென்ட் (சைட்டுக்குப் பொறுப்பானவர்) கேட்பார். அந்த ஒரு நாளில கணிதம், ஸ்ட்ரக்ச்சர்ஸ், மண் பொறியியல் மூண்டிலயும் ஒரு கிழமை போயிடும். மாசத்துக்கு ஒருக்கா இப்பிடி நடந்தாலே கால்வாசிப் பாடம் இல்லை. அதால பல்கலைக்கழகத்தின்ர பேரை விட, அந்த நாளைக் காப்பாத்திக் குடுக்கிற மனேஜர் ஆர் எண்டதுதான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

கடிதத்திலயும் பயிற்சித் திட்டத்திலயும் பார்க்க வேண்டியது: படிப்பு நாள் எது எண்டு பேர் சொல்லி இருக்கா, சோதனைக்கு லீவு தனியா இருக்கா அல்லது வருச லீவில கழிப்பினமா, வேலைக்கு வெளியான பயிற்சி எத்தனை மணி எண்டு இலக்கம் இருக்கா (அது சம்பள நேரத்துக்குள்ளதான் இருக்க வேணும்), சைட் எவ்வளவு தூரம் வரைக்கும் மாத்தலாம், தங்க வேண்டி வந்தால் ஆர் காசு. ரயில்வே வேலை செய்யிற கொம்பனி எண்டால் கிறிஸ்மஸ், ஈஸ்டர், வங்கி விடுமுறை எல்லாம் இரவு வேலை வரும், அதையும் கேளுங்கோ.

கம்பிகட்டி

தூக்குகுண்டு சொன்னதோட சைட் பக்கத்தைச் சேர்க்கிறேன். ஊரில் சிவில் படித்தவர்களுக்கு இங்கே சில வித்தியாசம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே.

சைட்டுக்குள் போக சிஎஸ்சிஎஸ் கார்டு (கட்டுமான வேலைக்காரர் அட்டை) வேண்டும். அதற்கு முன்னால் சுகாதாரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் டெஸ்ட்: 45 நிமிடம், 50 கேள்வி. கஷ்டமில்லை, ஆனால் படிக்காமல் போனால் காலை வாரும். முதல் சில மாதம் பெரும்பாலும் லெவலிங் (உயரம் அளப்பது), செட்டிங் அவுட் (டிராயிங்கில் உள்ள இடத்தை மண்ணில் குறிப்பது), கான்கிரீட் டெஸ்ட், டிராயிங் ரிஜிஸ்டர் (டிராயிங் பட்டியல்) இந்த நான்கில்தான் ஓடும்.

படிப்பும் வேலையும் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு டூ பெக் டெஸ்ட் நல்ல உதாரணம். லெவல் என்ற உயரம் அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. 50 மீட்டர் இடைவெளியில் ஏ, பி என்று இரண்டு பெக் (முளை). லெவலை நடுவில் வைத்து வாசித்தால் ஏ-யில் 1.432, பி-யில் 0.867. வித்தியாசம் 0.565. நடுவில் நிற்பதால் கருவியின் கோணப் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவு, கழித்தால் போய்விடும். ஆகவே 0.565 சரியான வித்தியாசம். இப்போது கருவியை ஏ-க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தால் ஏ-யில் 1.510. பி-யில் 0.945 வரவேண்டும். 0.951 வந்தால் பார்வைக்கோடு 50 மீட்டருக்கு 6 மி.மீ. மேலே போகிறது. அந்த லெவலை சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதுதான். வேறு வழியே இல்லாத நேரத்தில் பேக்சைட்டும் ஃபோர்சைட்டும் (பின்னும் முன்னும் பார்க்கும் வாசிப்புகள்) சம தூரம் வைத்துச் சமாளிக்கலாம். சர்வே வகுப்பில் இது அரைப் பக்கம். திங்கட்கிழமை காலை கருவியை வேனிலிருந்து இறக்கும்போதுதான் அந்த அரைப் பக்கத்தின் அர்த்தம் புரியும்.

செட்டிங் அவுட்டில் புதியவர்கள் செய்யும் தவறு கணக்கில் இல்லை, டிராயிங்கில். பி03 என்று போட்டது இன்னும் ஆலோசனையில் இருக்கும் டிராயிங். சி01, சி02 என்று வந்தால்தான் கட்டலாம். டேப்லெட்டில் பழைய காப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பெக் அடித்தால் எவ்வளவு துல்லியமாக அடித்தாலும் தப்பான இடத்தில் துல்லியமாக இருக்கும். மண்ணைத் தொடுவதற்கு முன்னால் தோண்டும் அனுமதிச் சீட்டும், காட் அண்ட் ஜெனி (கேபிளைத் தேடும் கருவியும், கேபிளில் சிக்னல் ஏற்றும் கருவியும்) வைத்துக் கேபிள் தேடுவதும் கட்டாயம். ஜெனியை இணைக்காமல் காட் மட்டும் ஓட்டினால் மின்சாரம் ஓடாத கேபிள் காட்டாமல் போகலாம். பிளாஸ்டிக் குழாய் இரண்டுக்குமே தெரியாது. அதனால் கையால் குழி வெட்டிப் பார்ப்பதை யாரும் விடக்கூடாது.

கான்கிரீட்: நம் ஊரில் 150 மி.மீ. க்யூப் (உடைத்துப் பலம் பார்க்கும் கனசதுரக் கட்டி), எம்30, எம்40 என்று பழக்கம். இங்கே சி32/40 என்று இரண்டு எண் இருக்கும், முதலாவது சிலிண்டர் பலம், இரண்டாவது க்யூப் பலம். சைட்டில் 100 மி.மீ. க்யூப் சகஜம். முகப்பரப்பு 10,000 சதுர மி.மீ., ஆக 412 கிலோநியூட்டனில் உடைந்தால் பலம் சதுர மி.மீ.க்கு 41.2 நியூட்டன். தாளே வேண்டாம்.

இதைவிட முக்கியம் எவிடன்ஸ் எழுதுவது. அப்ரன்டிஸ்ஷிப்பில் அறிவு, திறன், நடத்தை என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேலையிலிருந்து சான்று காட்ட வேண்டும். "பேஸ் கான்கிரீட்டில் கலந்துகொண்டேன்" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. இப்படி எழுதலாம்: "சி32/40, 38 கன மீட்டர், ஸ்லம்ப் (கலவையின் தளர்வு அளவு) எஸ்3 கேட்டிருந்தோம், அதாவது 100 முதல் 150 மி.மீ. மூன்றாவது லாரி 210 காட்டியது. தண்ணீர் கூடினால் பலமும் நீடித்து நிற்கும் தன்மையும் குறையும் என்பதால் இறக்காமல் நிறுத்தி செக்‌ஷன் எஞ்சினியரிடம் சொன்னேன். லாரி திருப்பி அனுப்பப்பட்டது. டிக்கெட், போட்டோ இணைப்பு." இதில் தொழில்நுட்பம், தீர்ப்பு, பேச்சு, தரம் நான்கும் ஒரே பத்தியில் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை வேனில் உட்கார்ந்து இருபது நிமிடம் போதும். நான்காவது வருடத்தில் மொத்தமாக எழுதலாம் என்று விடுபவர்கள்தான் சிக்குகிறார்கள், அதற்குள் சைட் முடிந்து டிக்கெட்டும் போட்டோவும் எங்கேயோ போயிருக்கும்.

ரசமட்டம்

எல்லாரும் அப்ரன்டிஸ்ஷிப்பையே புகழ்வதால் மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். முழுநேரம் போவது ஒன்றும் தப்பில்லை. நான்கு வருட எம்இங் (முதுகலை அளவுப் பொறியியல் பட்டம்) எடுத்தால் சார்ட்டர்ட் எஞ்சினியர் (சிஇங்) என்ற தொழில்முறைப் பதிவுக்குத் தேவையான கல்வி ஒரே மூச்சில் முடிகிறது. பிஇங்கோடு நிற்பவர் பிற்பாடு எம்எஸ்சி அளவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். லெவல் 6 அப்ரன்டிஸ்ஷிப்பின் இலக்கு ஐஇங், அதாவது இன்கார்ப்பரேட்டட் எஞ்சினியர். அது சின்ன விஷயமில்லை, ஆனால் சிஇங் வேறு.

முன்பு லெவல் 7 அப்ரன்டிஸ்ஷிப்பாகவே எம்எஸ்சி முடிக்க நிறுவனங்கள் அனுப்பின. 2026 ஜனவரி முதல் புதிதாகச் சேர்பவர்களில் 21 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் பொதுவாக அந்த நிதி. 18-ல் ஐந்து வருடம் தொடங்குபவர் 23-ல் முடிப்பார், கணக்கில் வராது. ஆகவே எம்எஸ்சிக்கு நிறுவனம் தன் கையிலிருந்து தருமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. கொன்ட்ராக்டர் கொம்பனியில் டிசைன் கிடைக்காது என்பது பொதுவான குறை. வகுப்பில் யூரோகோட் 2 (கான்கிரீட் டிசைன் விதிநூல்) நடத்தும்போது டிசைன் அலுவலகப் பிள்ளை அன்றாடம் செய்வதை இவர் முதல்முறை பார்ப்பார். ஐசிஇ (சிவில் எஞ்சினியர்கள் சங்கம்) மதிப்பீட்டில் ஏழு பண்புகள் உண்டு, முதலாவதே பொறியியல் புரிதலும் பிரயோகமும். சைட்டிலேயே இருந்தால் டெம்பரரி வொர்க்ஸ் (கட்டும்போது மட்டும் நிற்கும் தற்காலிக அமைப்புகள்) பக்கம் ஒட்டிக்கொள்வது நல்லது. ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் அச்சு) அழுத்தம், பேக்ப்ராப்பிங் (கீழ்த்தளங்களுக்குக் கொடுக்கும் முட்டு), அகழி முட்டு எல்லாமே உண்மையான கணக்குகள். ஆறு மாதமாவது டிசைன் அலுவலகத்துக்கு மாற்றி விடுவார்களா என்று கேளுங்கள், பல நிறுவனங்கள் கேட்டால் செய்யும்.

புதியவன்86

இடையில் ஒரு கேள்வி. ஊரிலிருந்து வேலை விசாவில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் டிபெண்டன்ட் விசாவில் சிக்ஸ்த் ஃபார்ம் படிக்கிறான். இவனுக்கும் இது கிடைக்குமா? நடுவில் கம்பெனி வேலையை விட்டு எடுத்துவிட்டால் படிப்பு என்ன ஆகும்?

தூக்குகுண்டு

வேலை செய்யிற உரிமை மட்டும் போதாது தம்பி. நிதி விதியில பொதுவா, சேர்ற நாளுக்கு முந்தின மூன்று வருசமும் இங்க வழமையா வசிச்சிருக்க வேணும் எண்டு இருக்கு. சில வகை ஆக்களுக்கு விலக்கு உண்டு. அதால ஒன்றரை வருசத்தில பெரும்பாலும் நிராகரிப்பினம். மகன் முதல்ல ஒரு வருச, ரெண்டு வருசக் கோர்ஸ் முடிச்சுப்போட்டு மூன்று வருசம் ஆனாப்போல விண்ணப்பிக்கலாம். வேலை தாறவர் "பரவாயில்லை" எண்டாலும் பயிற்சி நிறுவனம் சேர்க்கிற நேரத்தில பாஸ்போர்ட்டும் திகதியும் பார்க்கும். மாணவர் விசாவில இருக்கிற ஆக்கள் இதுக்கு வரவே ஏலாது.

ஆட்குறைப்புக்கு: முக்கால்வாசி முடிஞ்சிருந்தால், அல்லது முடிக்க ஆறு மாசத்துக்குள்ள இருந்தால், வேலை குடுக்கிறவர் இல்லாமலே முடிக்க நிதி வரும். அதுக்கு முன்னம் எண்டால் 12 கிழமைக்குள்ள வேற கொம்பனி பிடிக்க வேணும், பல்கலைக்கழகம் உதவி செய்யும். சிவிலில ஆள் தட்டுப்பாடு இருக்கிறதால மாறிப் போறது நடக்கக்கூடிய காரியம்தான், எண்டாலும் எவிடன்ஸ் எல்லாத்தையும் கொம்பனி லப்டொப்பில மட்டும் வைக்க வேண்டாம். போட்டோ, கையெழுத்து வைச்ச தாள் எல்லாத்துக்கும், கொம்பனியின்ர அனுமதியோட, தனக்கெண்டு ஒரு பிரதி வேணும்.

ஸ்கொட்லாந்தில விதி வேற. அங்க பேரே கிராஜுவேட் அப்ரன்டிஸ்ஷிப்.

ஹரோவாசி

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தை எடுத்து வைச்சுப் பார்த்தன். லெவல் 6 எண்டு இருக்கு. படிப்பு நாள் "கிழமையில ஒரு நாள்" எண்டு மட்டும் போட்டிருக்கு, எந்த நாள் எண்டு இல்லை. சோதனை லீவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சைட் தூரம் "தேவைக்கேற்ப". இந்த மூண்டையும் மகளே இண்டைக்கு இமெயிலில கேட்கட்டும் எண்டு விட்டிருக்கு. பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் நாங்கள் வாங்க வேணுமா?

கம்பிகட்டி

வேண்டாம் அக்கா. பாதுகாப்புச் சாமான் வேலை கொடுப்பவர் செலவு, சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. அளவை மட்டும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், பெண்களுக்கான கட் என்று குறிப்பிட்டு. ஸ்டோரில் இருக்கும் ஆண்கள் எக்ஸ்எல் ஜாக்கெட்டும் பெரிய கிளவுஸும் மாட்டிக்கொண்டு டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி) திருகாணியைத் திருப்ப முடியாது, தளர்ந்த கை எதிலாவது மாட்டிக்கொள்வதும் ஆபத்து. பூட்ஸ் லேஸ் கட்டும் வகையாக, கணுக்கால் மூடியதாக, ஆணி ஏறாத அடித்தகடு உள்ளதாகக் கேளுங்கள். பல சைட்டில் ரிக்கர் பூட்ஸ் (லேஸ் இல்லாமல் இழுத்து மாட்டும் வகை) உள்ளே விட மாட்டார்கள். டிரைவிங் லைசென்ஸ் இப்போதே தொடங்கினால் நல்லது, காலை ஏழரை சைட்டுக்கு பஸ் கிடைக்கும் இடத்தில் எல்லாம் வேலை வராது.