பேன்டஸி பேஸ்பால்: மச்சான் தருவது பாபி விட்டை, பதிலுக்குக் கேட்பது ஸ்கீன்ஸையும் ஏப்ரம்ஸையும். கொடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை:

வணக்கம். பேன்டஸி பேஸ்பால் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதைப் புள்ளியாக எண்ணும் விளையாட்டு) ஆடுகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் லீக்கில் 12 அணிகள். நியூ ஜெர்சியில் இருக்கிற என் மாமா பையன்தான் நடத்துகிறான். பாதிப் பேர் அவனுடைய ஆபீஸ் ஆட்கள், மீதி நானும் கோயமுத்தூரில் என்னோடு நைட் ஷிப்ட் பார்த்தவர்களும். வாரா வாரம் ஒரு அணியோடு மோதல். பேட்டிங்கில் சராசரி (அடிக்கப் போனதில் ஹிட் ஆன பங்கு), ஹோம் ரன், ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் வரவைத்த ரன்), ஸ்டீல் (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), பந்துவீச்சில் வெற்றி, ஸ்டிரைக்அவுட், சேவ் (முன்னிலையைக் கடைசியில் காப்பது), ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன்), விப் (ஒரு இன்னிங்ஸில் ஹிட்டாலும் வாக்காலும் பேஸுக்கு விடும் ஆட்கள்) என்று பத்துக் கணக்கு. கடைசி இரண்டும் குறைந்தால்தான் நல்லது. ஆறு பேரை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் ஏலத்துக்குப் போய்விடுவார்கள்.

மச்சான் கேட்பது இது: அவன் கேன்சஸ் சிட்டி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் பீல்டர்) பாபி விட் ஜூனியரைத் தருவான். நான் பிட்ஸ்பர்க் பிட்சர் (பந்து எறிபவர்) பால் ஸ்கீன்ஸையும், என் ஷார்ட்ஸ்டாப்பான வாஷிங்டன் சி.ஜே. ஏப்ரம்ஸையும் தர வேண்டும்.

விட்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும். கிழக்குப் பக்கம் ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடிகாலை நாலரைக்கு வரும். சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வரை போனைத் தொழுவத்துச் சன்னலில் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். விட் பந்தை இடைவெளியில் தட்டிவிட்டு ஓடும்போது முதல் பேஸில் வேகத்தைக் குறைப்பதே கிடையாது. உடம்பை உள்பக்கமாகச் சாய்த்து, பேஸின் உள்மூலையை இடது காலால் மிதித்து அப்படியே திரும்புவார். பீல்டர் பந்தைக் கையில் எடுப்பதற்குள் இரண்டாவது பேஸில் நிற்பார். 2023ல் 30 ஹோம் ரன், 49 ஸ்டீல். 2024ல் 32 ஹோம் ரன், 31 ஸ்டீல், சராசரி .332. ஷார்ட்ஸ்டாப்பாக இருந்துகொண்டு இரண்டு முறை முப்பது-முப்பது தொட்டவர் அவருக்கு முன்னால் யாருமே இல்லை.

ஆனால் ஸ்கீன்ஸை விட மனசு வரவில்லை. 2024ல் ஈ.ஆர்.ஏ. 1.96, 2025ல் 1.97, அந்த வருஷம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்குத்தான். 2002ல் பிறந்த பையன். இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது!

ஊரில் யாரிடமும் இதைப் பேச முடியாது. ஆனால் டிரேட் என்றால் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. நவம்பர் 2025ல் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்து, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனபோது எங்கள் டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. சஞ்சுவும் எங்களுக்கு வேண்டியவர், சென்னையும் எங்கள் அணி. ஆனாலும் 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் பவுண்டரியும் அடித்த ஜடேஜாவை அனுப்பியதை இன்னும் ஏற்றுக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இப்போது அதே நிலைமை.

நகரி தறி:

அண்ணா, யோசிக்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள். பிட்சரின் முழங்கையை நம்பி ஐந்து வருஷக் கணக்குப் போடவே கூடாது. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023ல் 20 வெற்றி, 281 ஸ்டிரைக்அவுட். 2024 ஏப்ரலில் முழங்கை அறுவை சிகிச்சை. திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. சாண்டி அல்காந்தரா 2022ல் சை யங் வாங்கினார், அடுத்த வருஷம் அக்டோபரில் முழங்கைக்கு டாமி ஜான் என்கிற அறுவை சிகிச்சை, 2024 முழுக்கப் போச்சு. 2025ல் வந்தவருடைய ஈ.ஆர்.ஏ. ஐந்துக்கு மேல். இரண்டு பேரையும் நான் வைத்திருந்தேன், அந்த வலி எனக்குத் தெரியும்.

விட் 2023ல் 158 ஆட்டம், 2024ல் 161, 2025ல் 157. வருஷத்துக்கு மொத்தமே 162 ஆட்டம்தான். தினமும் வந்து நிற்கிற ஆள்.

இன்னொன்று. உங்கள் லீக்கில் வெற்றியும் ஒரு கணக்கு. 1.97 வைத்திருந்த ஸ்கீன்ஸுக்கு 2025ல் 10 வெற்றி, 10 தோல்வி. பிட்ஸ்பர்க் ரன் அடித்துக் கொடுத்தால்தானே? 2025 மே 18ஆம் தேதி பிலடெல்பியாவில் எட்டு இன்னிங்ஸையும் அவரே போட்டு ஒரே ஒரு ரன் கொடுத்தார், 1-0 என்று தோற்றார். நம் நேரத்துக்கு ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தொடங்கிய ஆட்டம். தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

செங்கோட்டை அக்கா:

நகரித் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் ஏப்ரம்ஸை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு விட் முழுசாகக் கிடைப்பதில்லை. விட்டுக்கும் ஏப்ரம்ஸுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கிடைக்கிறது. 2025ல் விட் 23 ஹோம் ரன், 38 ஸ்டீல். ஏப்ரம்ஸ் 19 ஹோம் ரன், 31 ஸ்டீல். நாலு ஹோம் ரன், ஏழு ஸ்டீல். சராசரியிலும் ஆர்.பி.ஐ.யிலும் விட் நன்றாகவே மேலே இருக்கிறார், அதை மறுக்கவில்லை. ஏப்ரம்ஸ் வருஷத்தின் இரண்டாம் பாதியில் துவண்டுபோவதும் உண்மை. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு விலை பால் ஸ்கீன்ஸா?

ஸ்டீல் இப்போது மலிந்த சரக்கு. 2023ல் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கினார்கள், ரன்னரைப் பிடிக்க பிட்சர் இஷ்டத்துக்குத் திரும்பித் திரும்பி எறியவும் முடியாமல் செய்தார்கள். 2022ல் லீக் முழுக்க 2,486 ஸ்டீல், 2023ல் 3,503. அதனால் ஸ்டீலுக்காக யாருக்கும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், ஏலத்தில் கடைசியில்கூடக் கிடைக்கும்.

விப் 0.95 வைத்திருக்கிற பிட்சர் அப்படிக் கிடைக்கமாட்டார். வாரத்துக்கு ஆறு இன்னிங்ஸ் அவர் போட்டால் மற்ற பிட்சர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பார். போன வருஷம் உங்கள் அணி எந்தக் கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது? அதைச் சொல்லாமல் யாரும் யோசனை சொல்ல முடியாது.

கொழிஞ்சாம்பாறை:

நல்ல கேள்வி அக்கா. ஈ.ஆர்.ஏ.விலும் விப்பிலும் பெரும்பாலான வாரம் நான்தான் ஜெயித்தேன். வெற்றியிலும் ஸ்டிரைக்அவுட்டிலும் இழுபறி. அடி வாங்கியது சராசரியிலும் ஆர்.பி.ஐ.யிலும். ஹோம் ரன் அடிக்கிறவர்களாகப் பார்த்து எடுத்திருந்தேன், அவர்கள் அடித்தால் வெளியே, இல்லாவிட்டால் ஸ்டிரைக்அவுட். வைத்துக்கொள்ளப் போகிற ஆறு பேரில் ஸ்கீன்ஸைத் தவிர இன்னொரு நல்ல பிட்சர் இல்லை என்பதும் உண்மை. அவரைக் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் காலி.

மச்சானிடம் ஷார்ட்ஸ்டாப் விட் ஒருவர்தான். அதனால்தான் ஏப்ரம்ஸையும் சேர்த்துக் கேட்கிறான்.

களியக்காவிளை பழைய ஆள்:

தம்பி, நான் பேன்டஸி ஆடுவதில்லை. வளைகுடாவில் அமெரிக்கக் கம்பெனிக்காரர்களோடு வேலை பார்த்தபோது ஆட்டம் பார்த்துப் பழகியவன். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வந்தேன்.

1982ல் செயின்ட் லூயிஸ் தன் ஷார்ட்ஸ்டாப் கேரி டெம்பிள்டனைக் கொடுத்து, சான் டியாகோவிடமிருந்து ஆஸி ஸ்மித்தை வாங்கியது. டெம்பிள்டன் நல்ல பேட்டர். ஆஸி ஆயுசுக்கும் அடித்தது 28 ஹோம் ரன். ஆனால் 1980 முதல் தொடர்ந்து 13 வருஷம் சிறந்த பீல்டருக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர். அவர் வந்த அந்த வருஷமே செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை, அதாவது மேஜர் லீகின் இறுதிக் கோப்பையை, வென்றது. நிஜ ஆட்டத்தில் ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கு அவ்வளவு மதிப்பு.

விட்டுக்கும் அந்தக் கை இருக்கிறது. மூன்றாவது பேஸ் பக்கம் ஆழத்தில் போய்ப் பந்தை எடுத்து, கால் ஊன்றாமலே முதல் பேஸுக்கு எறிவதை நானும் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய பத்துக் கணக்கில் பீல்டிங் எங்கே இருக்கிறது? அதற்கு ஒரு புள்ளிகூட வராது. பார்க்கும்போது உங்களுக்கு வருகிற ஆசையில் எவ்வளவு பங்கு அந்தக் கையால் வருகிறது என்று கழித்துப் பாருங்கள். மிச்சத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.

நகரி தறி:

ஐயா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் என் கட்சியை நான் விடவில்லை. பீல்டிங்கைக் கழித்தாலும் 2025ல் மேஜர் லீகிலேயே அதிக ஹிட் அடித்தவர் விட், 184. சராசரியில் அடிவாங்குகிற அணிக்கு இதைவிட மருந்து ஏது?

செங்கோட்டை அக்கா:

அப்படியானால் வழி இருக்கிறது. தம்பிக்கு வேண்டியது சராசரியும் ஆர்.பி.ஐ.யும், அதை விட் தருவார். போய்விடுகிறது பிட்சர் இடம். மச்சானிடம் வேறு பிட்சர் யார் இருக்கிறார்கள்? லோகன் வெப் மாதிரி ஒருவர் இருந்தால் அவரையும் கேளுங்கள். பெயர் அவ்வளவு பெரிசாக அடிபடாது, ஆனால் சான் பிரான்சிஸ்கோவுக்கு 2025ல் 207 இன்னிங்ஸ், 224 ஸ்டிரைக்அவுட், 15 வெற்றி. ஸ்கீன்ஸ் எடுத்ததே 216தான். ஈ.ஆர்.ஏ. 3.22, அதில் கொஞ்சம் இழப்பீர்கள். அந்தக் கணக்கில்தான் நீங்கள் ஏற்கெனவே மிச்சம் வைத்து ஜெயிக்கிறீர்களே. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் நேஷனல் லீகில் அதிக இன்னிங்ஸ் போட்டவர் அவர்தான். நகரித் தம்பி பயப்படுகிற கைக்கும் ஓரளவு ஆறுதல்.

சொந்தக்காரன் என்று தயங்காதீர்கள். அவன் தயங்காமல் ஏப்ரம்ஸைக் கேட்டான் இல்லையா?

கொழிஞ்சாம்பாறை:

இப்போதுதான் மச்சானுடைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். வெப் அவனிடம்தான் இருக்கிறார்! அவன் வைத்துக்கொள்கிற ஆறு பேரில் வெப் ஆறாவது ஆளாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஸ்கீன்ஸ் அங்கே போனால் வெப்புக்கு இடமும் நெருக்கடி.

அதனால் விட்டும் வெப்பும் எனக்கு, ஸ்கீன்ஸும் ஏப்ரம்ஸும் அவனுக்கு என்று அனுப்பிவிட்டேன். வெப்பைத் தரமாட்டேன் என்றால் ஏப்ரம்ஸ் கிடையாது, ஸ்கீன்ஸுக்கு விட் நேருக்கு நேர் என்பதோடு நின்றுகொள்வேன். அதற்கும் சம்மதிக்காவிட்டால் ஸ்கீன்ஸ் என்னிடமே இருக்கட்டும். அங்கே இப்போது நடுராத்திரி, நாளைக்குள் பதில் வரும். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். ஐயா, அக்கா, நகரித் தம்பி, மூன்று பேருக்கும் நன்றி.