ட்ரென் ஊசி சேர்த்ததுல இருந்து தூக்கமே இல்ல. தூக்க மாத்திரை போடலாமா?

செல்லூர்த் தம்பி
இரவு 2.40

அண்ணன்மாருக்கு வணக்கம். மொட்டை மாடியில உக்காந்து இதை அடிச்சுக்கிட்டு இருக்கேன். வயசு 26. டைல்ஸ் கடையில லோடு ஏத்தி இறக்குற வேலை. நாலு வருஷமா ஜிம் போறேன், அடுத்த மாசம் ஆணழகன் போட்டியில முதல் தடவையா மேடை ஏறணும்.

ஜிம் மாஸ்டர் ஸ்டீராய்டு கோர்ஸ் போட்டுவிட்டார். முதல்ல டெஸ்ட் (டெஸ்டோஸ்டிரோன்) ஊசி மட்டும். அப்ப ஒண்ணும் பெருசாத் தெரியல, நல்லாப் பசிச்சுச்சு, வெயிட் ஏறுச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி கட்டிங் வரணும்னு, அதான் கொழுப்பு கரைஞ்சு சதை எடுப்பாத் தெரியணும்னு, ட்ரென் (ட்ரென்போலோன்) ஊசியும் சேர்த்தார். கூடவே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு க்ளென் மாத்திரை. அதுல இருந்து தூக்கம் போச்சு.

பதினொன்றரைக்குப் படுத்தா கண்ணு சொருகும். ஒண்ணரைக்கு டக்குனு முழிப்பு வந்துரும். நெஞ்சு தறி ஓடுற மாதிரி அடிக்கும். பனியனைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். நேத்து எந்திரிச்சு செல்போன் லைட்டை அடிச்சுப் பாத்தேன், கோரைப்பாயில தலை, தோளு, இடுப்புன்னு நான் படுத்துக் கெடந்த மாதிரியே ஈர அச்சு. பக்கத்துல படுத்திருந்த தம்பி பாய் காஞ்சு கெடக்கு.

முந்தாநாள் அவன் என் சார்ஜரை எடுத்தான்னு கையை ஓங்கிட்டேன். அவன் சுவரோட ஒட்டிக்கிட்டு நின்னான். நான் அவனை அடிச்சதே கிடையாதுண்ணே. அதுல இருந்து மனசு ஆறல.

கூட ஒர்க்அவுட் பண்ற பையன் ஒரு அட்டை தூக்க மாத்திரை குடுத்திருக்கான். அல்பிரசோலம்னு போட்டிருக்கு. போட்டி முடியிற வரைக்கும் இதை வச்சு ஓட்டலாமா? வீட்டுல ஊசி விஷயம் யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்டப் போனா போலீசு அது இதுன்னு ஆயிருமோன்னு பயமா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பழங்காநத்தம் பாலா
காலை 6.15

எனக்கும் ட்ரென்ல இதே கதைதான் மாப்ள. மெலட்டோனின் வாங்கிப் போடு, ராத்திரி கசகசா அரைச்சுப் பால்ல குடி. போட்டி முடிஞ்சா தானாச் சரியாயிரும்.

ஒத்தக்கடை அண்ணன்
காலை 9.50

தம்பி, அந்த அட்டையை முதல்ல தூர வை. மத்ததைப் பேசுவோம்.

எனக்கு 43 வயசு. ஒத்தக்கடைக்காரன். 2008ல இருந்து 2013 வரைக்கும் மேடை ஏறுனவன். இப்ப சின்னதா ஒரு ஜிம் வச்சு, ஊசி இல்லாமப் பயலுகளுக்குச் சொல்லிக் குடுக்குறேன். நீ எழுதுன அந்த ஒண்ணரை மணி எனக்கு ரெண்டேகால். ரெண்டேகாலுக்கு முழிச்சு, மாட்டுத்தாவணிக்குப் போற காய்கறி லாரிகளை எண்ணிக்கிட்டே விடிய விடியக் கெடப்பேன்.

நான் பண்ணுன தப்பைச் சொல்றேன், நீ பண்ணாத. 2012ல ஒரு டாக்டர்கிட்டப் போயி ‘வேலையில டென்ஷன், தூக்கம் வரல’ன்னு மட்டும் சொன்னேன். ஊசியைப் பத்தி வாயே தெறக்கல. அவரும் கேக்கல, மாத்திரை எழுதிக் குடுத்தார். முதல் வாரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன். ரெண்டாவது மாசம் ஒரு மாத்திரை பத்தல. நாலாவது மாசம் ரெண்டு போட்டாலும் ரெண்டேகாலுக்கு முழிப்பு. ஒருநாள் காலையில மூத்த மகளைப் பள்ளிக்கூடத்துல விடுறதுக்காக பைக்ல மேலூர் ரோட்டுல போறேன். திடீர்னு பாத்தா வண்டி நடுத்திட்டை ஒரசிக்கிட்டு ஓடுது. எந்த இடத்துல கண்ணு மூடுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளை பெட்ரோல் டேங்க் மேல உக்காந்திருந்தா. அப்ப அவளுக்கு நாலு வயசு.

அதுக்கப்புறம் வேற ஒரு டாக்டர்கிட்டப் போனேன். பிபி பாக்குற பட்டை என் கையைச் சுத்தப் பத்தல. கையைப் பாத்தார், முதுகு பூரா இருந்த பருவைப் பாத்தார், கதவைச் சாத்திட்டு வந்து ‘எத்தனை நாளா ஊசி போடுறீங்க?’ன்னார். அழுதுட்டேன். அன்னிக்கு பிபி 170க்கு 100. பிசிவி, அதான் ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு பாக்குறது, 57. ஆம்பளைக்கு 50 வரைக்கும் இருக்கலாம்; டாக்டரே எழுதிக் குடுத்து டெஸ்டோஸ்டிரோன் எடுக்குறவங்களுக்குக்கூட 54ஐத் தாண்டுனா மருந்தை நிறுத்தச் சொல்லிருவாங்க. பதநியைக் காய்ச்சக் காய்ச்ச இறுகி வருமே, அந்த மாதிரி ரத்தம் கெட்டிப்பட்டுப் போயிருந்துச்சு. அதை வச்சுக்கிட்டுத்தான் நான் தூக்கத்துக்கு மாத்திரை முழுங்கிக்கிட்டு இருந்தேன்.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். உன் பாயை ஒரு கை இழுக்கல, நாலஞ்சு கை சேந்து இழுக்குது.

ட்ரென்னுங்கறது இன்னிக்கு மனுசனுக்குன்னு அனுமதிச்ச மருந்தே கிடையாது. அமெரிக்காவுல கறிக்கு வளக்குற மாட்டுக்கு, காது மடலோட பின்பக்கம் தோலுக்கு அடியில வைக்கிற குளிகையில இருக்குற சரக்கு அது. ராத்திரி வேர்வை, நெஞ்சுப் படபடப்பு, பாதித் தூக்கத்துல முழிப்பு, காரணமில்லாத கோவம், இந்த நாலும் ட்ரென் போட்டவங்க நிறையப் பேரு சொல்றது. நீ தம்பி மேல கை ஓங்குனதையும் இதோட சேத்துத்தான் பாக்கணும். நீ கெட்டவனா மாறல. ஆனா அடுத்த தடவை கை ஓங்குறதோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது.

க்ளென் ஸ்டீராய்டே இல்ல. சில நாடுகள்ல ஆஸ்துமாவுக்குக் குடுக்குற மருந்து, இருதயத்தை விரட்டும், கை நடுங்க வைக்கும். உடம்புல அது பாதியாக் குறையவே ஒண்ணரை நாள் ஆகும். நீ ஒரு நாளைக்கு ரெண்டு போடுற. அப்ப முந்தாநாள் போட்டதும் நேத்துப் போட்டதும் சேந்துதான் உன்னை ஒண்ணரை மணிக்கு எழுப்பி உக்கார வைக்குது. அதை இன்னிக்கே விட்டுரு. சாயங்காலம் ஜிம்முக்கு முன்னாடி ஒரு கரண்டி பவுடர் கலந்து குடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விடு. அதுல இருக்குற கஃபீன் பாதியாக் குறைய அஞ்சு மணி நேரம் போல ஆகும். ஏழு மணிக்குக் குடிச்சதுல பாதி நடு ராத்திரியிலயும் உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

நீ எழுதாத ஒண்ணைக் கேக்குறேன். குறட்டை விடுறியா? தம்பிகிட்டக் கேளு. எனக்கு என் வீட்டுக்காரிதான் சொன்னா, ‘குறட்டை பாதியில நின்னுருது, மூச்சே இல்ல, நான் எண்ணிக்கிட்டே கெடக்கேன், அப்புறம் நீங்க திமிறிக்கிட்டு இழுக்குறீங்க’ன்னு. கழுத்து பெருத்து, வெயிட் ஏறி, மேல டெஸ்டோஸ்டிரோனும் போனா தூக்கத்துல மூச்சு தடைபடுறது கூடும். அந்த நிலைமையில தூக்க மாத்திரை போட்டா தொண்டைச் சதை இன்னும் தளரும், மூளையும் எழுப்பி விடாது. நீ வச்சிருக்குற அட்டையை நான் தூர வைக்கச் சொல்றதுக்கு இதுதான் முதல் காரணம்.

பாலா தம்பி கோவிச்சுக்காத. மெலட்டோனின், படுக்குற நேரத்தை உடம்புக்கு ஞாபகப்படுத்தும், அம்புட்டுத்தான். தறி ஓடுற நெஞ்சை அது நிறுத்தாது. ‘போட்டி முடிஞ்சா தானாச் சரியாயிரும்’னு சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஊசியை நிறுத்துனாலும் டெஸ்ட் எனந்தேட் மாதிரி எண்ணெய் மருந்து பாதியாக் குறையவே நாலஞ்சு நாள், முழுசாப் போக மூணு நாலு வாரம் ஆகும். அது போனப்புறம் இன்னொரு குழி இருக்கு. வெளியில இருந்து ஊசியா வந்ததால நம்ம விரை சொந்தமாச் சுரக்குறதை நிறுத்தியிருக்கும். அது திரும்ப வேலை செய்ய மாசக்கணக்காகும், சில பேருக்கு வருஷம் தாண்டும். அந்த இடைவெளியில சோர்வு, ஆசையே இல்லாத நிலைமை, அதோட மறுபடியும் தூக்கம் வராம இருக்குறது எல்லாம் வரும். என் கூட மேடை ஏறுன ஒருத்தனை அந்த மாசங்கள்லதான் நாங்க பறிகொடுத்தோம். அதனால ‘செத்துரலாம்’னு ஒரு நினைப்பு ஒரே ஒரு தடவை வந்தாலும் 14416க்குப் போன் பண்ணு. டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

டாக்டர் உன்னைப் போலீசுல பிடிச்சுக் குடுக்க மாட்டார். நோயாளி சொன்னதை வெளியில விடக்கூடாதுங்கறது அவங்க தொழிலோட சட்டம். கோரிப்பாளையத்துல பெரியாஸ்பத்திரி இருக்கு, காலையில ஓ.பி. சீட்டு எடுத்துப் பொது மருத்துவத்துல உக்காரு. என்ன ஊசி, எத்தனை வாரம், என்ன மாத்திரைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போ, வாய் வராட்டி பேப்பரை நீட்டு. பிபி, பிசிவி, கல்லீரல், கொழுப்பு, ஈசிஜி எல்லாம் பாக்கச் சொல்லு. ட்ரென்னை இனிமே தொடாத. டெஸ்ட்டை எப்படி விடுறதுன்னு டாக்டர் சொல்லட்டும், உன் மாஸ்டர் சொல்லக்கூடாது. நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, ஒரு பக்கம் கை கால் மரத்துப் போறதோ வந்தா ஓ.பி.க்குக் காத்திருக்காத, 108க்கு அடி.

அதுவரைக்கும் ராத்திரியை ஓட்டுறதுக்கு எனக்கு உதவுனதைச் சொல்றேன். நாலு மணிக்குத்தான் கண்ணு மூடுனாலும் அஞ்சரைக்கு எந்திரிச்சிருவேன். மத்தியானத் தூக்கம் கூடாது. இது முதல் வாரம் கொடுமையா இருக்கும், ஆனா பலன் குடுத்தது இதுதான். முழிச்சு ஒரு இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா பாயை விட்டு எந்திரிச்சிரு, மங்கலான வெளிச்சத்துல சும்மா உக்காரு, செல்போனைத் தொடாத. கண்ணு சொருகுனா மட்டும் திரும்பப் படு. பாய்ல பொரண்டு பொரண்டு கெடந்தா, அந்தப் பாயைப் பாத்தாலே உடம்பு முழிச்சுக்கப் பழகிரும். ராத்திரி ஒர்க்அவுட்டைக் காலைக்கு மாத்து. ஒர்க்அவுட் முடிச்சுப் பதினோரு மணிக்குப் பரோட்டாவும் சுக்காவும் சாப்பிட்டுப் படுக்குறது நம்ம ஊர்ப் பழக்கம், நெஞ்செரிச்சலே பாதி ராத்திரியில எழுப்பி விட்டுரும்.

போட்டி அடுத்த வருஷமும் நடக்கும் தம்பி.

திருமங்கலம் மகள்
காலை 11.20

நடுவுல கேக்குறேன், மன்னிச்சுக்கோங்க. எங்க அப்பாவுக்கு வீசிங்குக்கு பிரட்னிசோலோன் குடுத்திருக்காங்க, அதுவும் ஸ்டீராய்டுங்கறாங்க. அவரும் நாலு நாளா ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருக்கார். இதைப் படிச்சதும் பயந்துட்டேன். நிறுத்திரவா?

மருந்தாளுநர் அக்கா, சிம்மக்கல்
மதியம் 1.05

நிறுத்திராதம்மா. பேரு மட்டும்தான் ஒண்ணு. அது வீக்கத்தைக் குறைக்குற வேற வகை, சதை ஏத்துறது இல்ல. தூக்கத்தைக் கெடுக்கும்ங்கறது உண்மை. அப்பா எந்த நேரத்துல சாப்பிடுறார்னு பாரு. ராத்திரி சாப்பிடுறார்னா, காலைச் சாப்பாட்டுக்கப்புறம் மாத்திக் குடுக்கலாமான்னு எழுதுன டாக்டர்கிட்டயே கேளு. ரொம்ப நாள் சாப்பிடுறவங்க இதைத் திடீர்னு நிறுத்துனா ஆபத்து.

செல்லூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. இருபது வருஷமா மருந்துக் கடையில நிக்கிறேன். அல்பிரசோலம் ஹெச்1 பட்டியல்ல இருக்கு. சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாது, குடுத்தா எழுதுன டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தனை மாத்திரைன்னு தனி நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். இந்த நோட்டு எதுக்குன்னா, சில வாரத்துலயே அது ஆளைப் பிடிச்சுக்கும். சாராயம் உள்ள இருக்கும்போது போட்டா மூச்சே அடங்கிரலாம். ஏற்கெனவே தொடர்ந்து போட்டுக்கிட்டு இருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா, இன்னிக்கே தூக்கிப் போட்டுராதீங்க, வலிப்பு வரலாம். டாக்டர்கிட்டச் சொல்லிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும். உனக்கு அந்தக் கவலை இல்ல தம்பி, நீ இன்னும் ஆரம்பிக்கல. நேரம் கிடைச்சா கடைக்கு வா, அட்டையை வாங்கி நான் அழிச்சுடுறேன்.

செல்லூர்த் தம்பி
ஒன்பது நாள் கழித்து, காலை 7.30

அண்ணே, அக்கா, போனேன்.

பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போனது நல்லதாப் போச்சு, அங்க எனக்கு வாயே வரல. டாக்டர் திட்டுவார்னு நினைச்சேன். படிச்சுட்டு, ‘இதை எழுதிக் கொண்டு வந்தியே’ன்னு மட்டும் சொன்னார். பிபி 150க்கு 96. பிசிவி 55. ஈசிஜி பரவால்லன்னார். ட்ரென், க்ளென் ரெண்டும் கிடையவே கிடையாதுன்னுட்டார், டெஸ்ட்டையும் நிறுத்தியாச்சு. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப ரத்தம் பாக்கணும், மனநல ஓ.பி.யிலயும் ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கார். குறட்டையைப் பத்தித் தம்பிகிட்டக் கேட்டேன், லேசா இருக்குதாம், மூச்சு நிக்கலையாம்.

மாஸ்டர் பேச மாட்டேங்குறார். போட்டிக்குப் பேரு குடுத்ததை வாபஸ் வாங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துச்சு, அப்புறம் என் பாயை எடுத்துட்டுப் போயித் தொவைச்சுக் கொடியில போட்டுச்சு.

நேத்து பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் தூங்குனேன். இடையில முழிக்கல. பனியன் ஈரந்தான், ஆனா பிழியுற அளவுக்கு இல்ல. நாலு மணிக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியலண்ணே, அந்த நேரம்தான் ரொம்ப நீளமா இருக்கு.

ஒத்தக்கடை அண்ணன்
காலை 8.10

நாலு மணி நேரம் தூங்குனியா! நல்லது தம்பி.

தினமும் அஞ்சு மணிக்கு நரசிங்கம் கோயில் பக்கம் யானைமலை அடிவாரத்துல நடக்குறேன். உன் தம்பியையும் கூட்டிக்கிட்டு வா. தாமரைக் குளத்துக்கிட்ட நிப்பேன்.