‘ஆடிட்’ பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1: பாளையங்கோட்டையிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாணவர்களுக்கு இணையவழிப் பாடங்களைத் தேடித் தரும் எங்கள் செயலியின் தமிழ் முகப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. தேடு, வடிகட்டு, பாடக் காலம், பயிற்றுமொழி முதலியவற்றில் பெரிய சிக்கல் எழவில்லை. ஒரே ஒரு பொத்தான் மட்டும் மூன்று வாரமாக வழிமறித்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஆடிட்’.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்எக்ஸ், கோர்செரா என்னும் இணையவழிப் பாடத் தளங்களில், முன்னதில் பல பாடங்களிலும் பின்னதில் சில பாடங்களிலும் கட்டணம் கட்டாமலே காணொளிகளைப் பார்க்கலாம், வாசிப்புப் பகுதிகளைப் படிக்கலாம். மதிப்பெண்ணுக்குரிய பயிற்சிகளும் சான்றிதழும் பெரும்பாலும் பணம் கட்டியவர்களுக்கே. இப்படிச் சேர்வதைத்தான் அங்கே ‘ஆடிட்’ என்கிறார்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும், 2003-இல் தொடங்கிய நம்முடைய என்பிடெல்லில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை என்றாலும் நிலைமை அதேதான்: பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மூன்று தளங்களின் பாடங்களையும் ஒரே பட்டியலில் காட்டுகிற எங்களுக்கு, மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே சொல் வேண்டும்.

தவறு எங்களிடம்தான் தொடங்கியது. இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்த ‘தணிக்கை’யை ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டோம். பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் செயலியைச் சோதனைக்குக் கொடுத்தபோது, முக்கூடலிலிருந்து வரும் மாணவி ஒருவர் தரவு அறிவியல் பாடம் ஒன்றைத் தேடி எடுத்து, அந்தப் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்தபடியே நின்றுவிட்டார். “இதுக்குள்ள போனா நம்மகிட்ட கணக்கு கேப்பாங்களா?” என்பதுதான் அவர் கேட்டது. அவருடைய அம்மா மகளிர் குழுவின் கணக்கு நோட்டைப் பார்ப்பவர்; தணிக்கை என்றால் அந்த வீட்டில் நோட்டையும் ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் நாள். பக்கத்திலிருந்த மாணவரோ, சினிமாவுக்குச் செய்வதைப் போலக் காணொளியில் சில பகுதிகளை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தாராம். இருவரும் பொத்தானைத் தொடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஆடிட்’ என்பதன் வேர், கேட்பதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். அந்நாளில் கணக்கை ஒருவர் உரக்க வாசிக்க, மேலதிகாரி காதால் கேட்டுச் சரிபார்த்தார். அதிலிருந்து கணக்காய்வுக்கு அந்தப் பெயர் வந்தது. வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கேட்டுவிட்டு மட்டும் போவதற்கும் அதே பெயர் நின்றது. தமிழிலும் கணக்கையும் கேட்கிறோம், பாடத்தையும் கேட்கிறோம். ஆக, அந்த மாணவி கேட்ட கேள்வி சொற்பிறப்புப்படி மிகச் சரியானது.

அப்படியானால் ‘கேள்வி’ என்றே வைத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். குறளில் கேள்விக்குத் தனி அதிகாரமே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இன்றைக்குப் பொத்தானில் ‘கேள்வி’ என்று எழுதினால், ஐயம் கேட்கும் பெட்டி திறக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ‘செவிவழி’ என்றால் வதந்தியின் நினைவு வருகிறது. ‘பார்வையாளர்’ என்றால் மருத்துவமனையில் மாலை நேரத்தில் நோயாளியைப் பார்க்க வந்தவர். ‘இலவசம்’ என்பது பணத்தைச் சொல்கிறதே தவிர, சேரும் முறையைச் சொல்லவில்லை. அதை நம்பி உள்ளே போனவரிடம் கடைசியில் சான்றிதழுக்குக் காசு கேட்டால், ஏமாற்றிவிட்டதாக எங்களைத்தான் ஏசுவார்.

என் பரிந்துரை ‘பாடங்கேட்பு’. ஆசிரியரிடம் பயில்வதைப் ‘பாடம் கேட்டல்’ என்று சொல்வது நம் மரபு. உ.வே.சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார் என்றுதான் இன்றும் எழுதுகிறோம். இன்னாரிடம் பாடம் கேட்டவர் என்பதே அந்நாளில் ஒருவருக்குப் பெரிய தகுதியாக இருந்தது. சான்றிதழ் இல்லாத படிப்புக்கு இதைவிடக் கௌரவமான சொல் எனக்குத் தோன்றவில்லை. கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி அவர்கள் தம் கருத்தைச் சொல்ல வேண்டும்.

மடல் 2: கல்லிடைக்குறிச்சியிலிருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

மானூர்க் கோயிலில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சபையில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ‘அல்ல, அல்ல’ என்று முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் விதித்திருக்கிறார்கள். நம் குழுவில் அந்த விதி இருந்திருந்தால் நான் எப்போதோ ஓட்டாண்டி ஆகியிருப்பேன். இன்றைக்கும் ஐந்து காசை எடுத்து வைத்துவிட்டே எழுதுகிறேன்.

‘பாடங்கேட்பு’ அழகான சொல். மரபும் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நீங்கள் இருக்கும் பாளையங்கோட்டையிலேயே, காது கேளாத பிள்ளைகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அங்கே படித்து முடித்த ஒரு பிள்ளை, காணொளிக்குக் கீழே ஓடும் எழுத்துகளை வாசித்தே பாடத்தை முழுமையாகப் பின்பற்ற முடியும். ஆங்கிலச் சொல்லில் ‘கேட்டல்’ வேருக்குள் புதைந்து மறைந்துவிட்டது. தமிழிலோ அது முகத்திலேயே நிற்கும். மற்ற எல்லா மாணவருக்கும் பொருந்துகிற சொல் அந்த ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்திவிடக் கூடாது. மரபை நானும் விரும்புகிறவன்தான் என்றாலும், இந்த இடத்தில் அதை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கேட்டலை விட்டால் கற்றல். ‘கல்’ என்னும் வினையடியிலிருந்து இலக்கணப்படி ‘கற்பு’ என்ற பெயர் பிறக்கும், பழைய வழக்கில் அதற்குக் கல்வி என்ற பொருளும் உண்டு. அதைப் பொத்தானில் எழுதிவிட்டு நாம் தாமிரபரணிக் கரையில் நடமாட முடியாது. ‘தேர்விலாச் சேர்க்கை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார்; அதை நுழைவுத் தேர்வு இல்லாத சேர்க்கை என்றுதான் மாணவர்கள் புரிந்துகொள்வார்கள், அவர்கள் வீட்டில் அது பெரிய பேச்சாகவும் ஆகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வடிகட்டியில் இந்தச் சொல் தனியாக நிற்கப்போவதில்லை. சான்றிதழோடு சேர்வது என்ற இன்னொரு வழியும் அதன் பக்கத்திலேயே இருக்கும். என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் அரசுத் தளமான ஸ்வயத்தின் பாடங்களுக்குரிய மதிப்புப்புள்ளிகளை (கிரெடிட்), ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை கல்லூரிகள் ஏற்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி செய்த பிறகு, அந்த இரண்டாவது வழி நம் பிள்ளைகளுக்கு முக்கியமானதாகிவிட்டது. புள்ளி வேண்டிய மாணவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டால், ஒரு பருவத்து உழைப்பு கணக்கில் ஏறாமல் போகும். ஆகவே இரண்டும் ஒரே அச்சில் வார்த்த இணைச் சொற்களாக இருக்க வேண்டும், வேறுபடும் பகுதி சொல்லின் முதலிலேயே கண்ணில் பட வேண்டும்.

என் பரிந்துரை ‘பயில்சேர்க்கை’, ‘சான்றிதழ்ச்சேர்க்கை’. முன்னது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. அதனால் அங்கே ஒற்று மிகாது. பின்னதில் மிகும். அச்சிடும்போது ‘பயிற்சேர்க்கை’ என்று யாராவது திருத்தினால், திருத்தியவரிடம் ஐந்து காசு வாங்குங்கள்.

மடல் 3: பாளையங்கோட்டையிலிருந்து

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம்.

காது கேளாத மாணவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தப் பள்ளியின் மதிலை ஒட்டித்தான் நாள்தோறும் வேலைக்குப் போகிறேன்; எனக்கு அது தோன்றவே இல்லை. ‘பாடங்கேட்பு’ என்பதை எடுத்துவிட்டேன்.

நேற்று அதே கல்லூரியில் இணைச் சொற்கள் இரண்டையும் வைத்துக் காட்டினோம். முக்கூடல் மாணவி ‘பயில்சேர்க்கை’யை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “சும்மா படிக்கிறதுக்கு மட்டும், அப்படித்தானே?” என்றார். அந்தப் பேச்சைச் சற்றே செப்பனிட்டு, பொத்தானுக்கு அடியில் சிறிய எழுத்தில் ‘படிக்க மட்டும், சான்றிதழ் கிடையாது’ என்று சேர்த்திருக்கிறேன். எட்எக்ஸ் பாடங்களில் இப்படிச் சேர்ந்தவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பாடம் பூட்டிக்கொள்ளும் என்பதால், அங்கு மட்டும் ‘இந்த நாள் வரை’ என்று ஒரு தேதியும் வரும். மாணவர் ஒருவர் ‘சேர்க்கை’ என்பதைப் பார்த்துக் கட்டணம் உண்டோ என்று தயங்கினார். அடிக்குறிப்பின் முதலில் ‘கட்டணமின்றி’ என்று ஒரு சொல்லைக் கூட்டியதும் அது தீர்ந்தது.

மொழிக்கோப்பில் ‘தணிக்கை’ பதினொரு இடங்களில் இருந்தது. பத்தை மாற்றிவிட்டேன். பதினொன்றாவது, செயலிக்கு வந்த நன்கொடையின் வரவு செலவைக் காட்டும் பக்கத்தில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.